பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்கப் போகும் முன்: சமூகப் பல் நல ஆய்வில் முதல் அடி வைப்பவர்களுக்கு

பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தில் பி.ஜி. சேர்ந்த முதல் சில மாதங்களுக்குள் எல்லோருக்கும் வரும் உத்தரவு ஒன்றுதான்: "ஏதாவது ஒரு ஸ்கூலைப் பார்த்து சர்வே எடுத்துட்டு வாங்க." வாய்க்கண்ணாடியும் புரோபும் (பல்லைத் தொட்டுப் பார்க்கும் மெல்லிய கம்பி) எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிடுவோம். சாயங்காலம் முந்நூறு படிவங்களோடு திரும்புவோம். இவற்றை வைத்து என்ன சொல்லப் போகிறோம் என்று அதற்கப்புறம்தான் யோசிப்போம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். கிடைக்கப்போகும் எண்ணை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை முதலில் எழுதிவிடுங்கள். எந்த வயதுப் பிள்ளைகளைப் பார்ப்பது, வாயில் எதை அளப்பது, வீட்டைப் பற்றி என்ன கேட்பது, எந்தக் கோட்பாடு கைகொடுக்கும் என்பதெல்லாம் அதிலிருந்தே இறங்கி வரும். பாடப்புத்தகத்தில் ஆய்வு முறைகள் ஒரு அத்தியாயம், நலமேம்பாட்டுக் கோட்பாடுகள் வேறொரு அத்தியாயம். பள்ளி வராந்தாவில் நிற்கும்போது இரண்டையும் பிரிக்க முடியாது.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"பள்ளி மாணவர்களின் வாய் நலம்" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. கேள்வி என்றால் அதில் ஆள் வேண்டும், இடம் வேண்டும், அளக்கக்கூடிய ஒன்று வேண்டும். ஒரே உதாரணத்தைக் கடைசிவரை கூட வைத்துக்கொள்வோம்: தருமபுரி மாவட்டம்.

கடினப் பாறைப் பூமி அது. பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு கூடுதல். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அதற்கு மேல் உள்ள நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் வெள்ளைக் கோடுகள் விழும். அளவு கூடக்கூடப் பழுப்புக் கறையும் குழிகளும் வரும். இதற்குப் பெயர்தான் பல் புளோரோசிஸ். இதைச் சமாளிக்கத்தான் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

சரி, இப்போது கேள்வியை எழுதலாம்: "இந்த ஒன்றியத்தின் அரசுப் பள்ளிகளில் படிக்கும் 12 வயதுப் பிள்ளைகளில் எத்தனை சதவீதம் பேருக்குப் பல் புளோரோசிஸ் இருக்கிறது? சிறுவயதில் ஒகேனக்கல் தண்ணீர் குடித்தவர்களுக்கும் போர்வெல் தண்ணீர் குடித்தவர்களுக்கும் அது வேறுபடுகிறதா?" இதற்கு வரும் பதிலை ஊராட்சித் தலைவர் பயன்படுத்தலாம், குடிநீர் வாரியப் பொறியாளர் பயன்படுத்தலாம். அந்த இருவரில் ஒருவர் முகமாவது மனதில் தெரியாவிட்டால் கேள்வியை இன்னொரு முறை எழுதிப் பாருங்கள்.

"சிறுவயதில்" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? முதலில் எழுதும் எல்லோரும் "இப்போது என்ன தண்ணீர் குடிக்கிறாய்?" என்றுதான் படிவத்தில் போடுகிறார்கள். புளோரோசிஸ், பல்லின் கடினமான மேலுறையான எனாமல் உருவாகும் காலத்தில் வருவது. ஞானப்பல்லை விட்டுவிட்டால், நிலைப்பற்களுக்கு அந்தக் காலம் ஏறக்குறைய 8 வயதோடு முடிந்துவிடும். முன்பற்களுக்கு முதல் மூன்று வருடங்கள்தான் முக்கியம். ஆகவே 12 வயதுப் பையனின் வாயில் தெரிவது பத்து வருடத்துக்கு முந்தைய தண்ணீர். 2013க்குப் பின் பிறந்தவர்கள் இப்போதுதான் 12 வயதைத் தொட்டிருக்கிறார்கள். அவர்களின் அண்ணன், அக்காமார் போர்வெல் தண்ணீரில் வளர்ந்தவர்கள். ஒரே வீட்டில் இரண்டு தண்ணீர்க் காலங்கள் இருக்கின்றன. நோய் எப்படி வருகிறது என்று தெரிந்தவருக்குத்தான் இப்படியொரு ஒப்பீடு கண்ணில் படும். புள்ளியியல் எவ்வளவு படித்தாலும் அது தானாக வராது.

எந்த வகை ஆய்வு?

புளோரைடின் கதையையே படித்தால் ஆய்வு வகைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 1901இல் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் தொழில் தொடங்கினார். ஊர்க்காரர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்துக் குறித்து வைத்தார். இது விவரணை. தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்ற ஐயம் வந்தது. 1931இல் வேதியியலாளர் சர்ச்சில், தண்ணீரில் புளோரைடு இருப்பதைக் கண்டுபிடித்தார். பிறகு பல் மருத்துவர் டிரெண்ட்லி டீன் 21 நகரங்களில் 7,257 பிள்ளைகளைப் பார்த்து, புளோரைடு 1 பி.பி.எம். (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) அளவில் இருந்த ஊர்களில் சொத்தை குறைவு, கறையும் மிகக் குறைவு என்று காட்டினார். ஒரே நேரத்தில் பல ஊர்களை ஒப்பிடும் குறுக்குவெட்டு ஆய்வு அது. 1945 ஜனவரியில் கிராண்ட் ராபிட்ஸ் நகரக் குடிநீரில் புளோரைடு சேர்த்து, பக்கத்து மஸ்கீகனை ஒப்பீட்டு ஊராக வைத்தார்கள். அது தலையீட்டு ஆய்வு. 1951இல் மஸ்கீகனும் தன் தண்ணீரில் புளோரைடு சேர்க்கத் தொடங்கிவிட்டது, ஒப்பீட்டு ஊர் பாதியிலேயே கை நழுவியது. களத்தில் இப்படி நடக்கத்தான் செய்யும்.

முதல் ஆய்வுக்குக் குறுக்குவெட்டு ஆய்வு போதும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: ஒரே நாளில் எடுத்த படம் அது. எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று அது சொல்லாது. "பல்லில் கறை உள்ள பிள்ளைகள் குறைவாகச் சிரிக்கிறார்கள்" என்று எழுதலாம். "கறையால்தான் சிரிப்பதில்லை" என்று எழுத அந்தப் படம் போதாது.

யாரை, எத்தனை பேரை?

உலக சுகாதார நிறுவனம் வாய் நல ஆய்வுகளுக்கென்று சில வயதுகளைக் குறித்து வைத்திருக்கிறது: 5, 12, 15, பிறகு 35 முதல் 44, 65 முதல் 74. பால்பற்களைப் பார்க்க 5 வயது. 12 வயதில் ஞானப்பல் தவிர மற்ற நிலைப்பற்கள் பெரும்பாலும் வந்திருக்கும், பிள்ளைகளும் இன்னும் பள்ளியில் இருப்பார்கள், மற்ற நாடுகளின் எண்களோடும் ஒப்பிடலாம். அதனால்தான் எல்லோரும் 12இல் தொடங்குகிறார்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். புளோரோசிஸ் 40 சதவீதம் பேருக்கு இருக்கலாம் என்று முன்னோட்டத்தில் தெரிகிறது, 5 சதவீதம் அப்படி இப்படி இருந்தால் பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். 95 சதவீத நம்பிக்கைக்கு எடுத்துக்கொள்ளும் எண் 1.96, அதன் வர்க்கம் 3.84. அதை 0.40ஆலும் 0.60ஆலும் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 369 வரும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நாம் பிள்ளைகளைத் தனித்தனியாக எடுக்கவில்லை, பள்ளி பள்ளியாக எடுக்கிறோம். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே தொட்டித் தண்ணீர் குடித்து, ஒரே பெட்டிக்கடையில் மிட்டாய் வாங்குபவர்கள். முப்பதாவது பிள்ளை புதிதாகச் சொல்லப்போவது குறைவு. பள்ளிக்கு 30 பேர், பள்ளிக்குள் ஒற்றுமை (ஒரே பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதன் அளவு) 0.03 என்றாலே 1 + 29 × 0.03 = 1.87 மடங்கு ஆட்கள் தேவை. இரண்டு மடங்கு என்று வைத்தால் 738. பத்தில் ஒருவர் வரமாட்டார் அல்லது சம்மதம் கிடைக்காது என்று கணக்குப் போட்டால் 820. புளோரோசிஸில் இந்த ஒற்றுமை இன்னும் கூடுதலாகவே இருக்கும், ஏனென்றால் தண்ணீர் ஊருக்கு ஊர்தானே மாறுகிறது? அதனால் ஒரு பள்ளியில் நிறையப் பேரைப் பார்ப்பதைவிட, நிறையப் பள்ளிகளில் கொஞ்சம் கொஞ்சம் பேரைப் பார்ப்பது நல்லது.

அப்புறம், யார் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது? தலைமையாசிரியர் அன்போடு, "நல்ல பசங்களா முப்பது பேரை அனுப்புறேன் டாக்டர்" என்பார். அவர் சொல்லும் நல்ல பசங்கள் சுத்தமாகத் தலைவாரி வருபவர்கள். இந்த இரக்கமும் அன்பும் ஆய்வை எப்படிக் குலைக்கும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயரில் 1930இல் நடந்த பால் பரிசோதனை பெரிய பாடம். 20,000 பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தினமும் பால் கொடுத்தார்கள். இரண்டு குழுவும் சமமாகத் தெரியாவிட்டால் ஆசிரியர்கள் ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டதில், மெலிந்த ஏழைப் பிள்ளைகள் பால் குழுவுக்குள் போய்விட்டார்கள். தொடக்கத்திலேயே அந்தக் குழுவின் எடை குறைவாக இருந்தது. 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதிய புள்ளியியலாளர் அடுத்த ஆண்டே இதை எடுத்துக் காட்டினார். ஆகவே வருகைப் பதிவேட்டை வாங்கி, பெயர்களுக்கு எண் போட்டு, சமவாய்ப்பு எண்களால் நீங்களே எடுங்கள். அன்று லீவு போட்டவன் பெயர் வந்தால் பக்கத்தில் இருப்பவனைப் பிடிக்காதீர்கள். இன்னொரு நாள் போய்ப் பாருங்கள். பல்வலியால் கூட அவன் வராமல் இருந்திருக்கலாம்.

அனுமதியும் சம்மதமும்

கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதம், தலைமையாசிரியரின் ஒப்புதல், பெற்றோரின் கையெழுத்து, கடைசியில் பிள்ளையின் சம்மதம். இந்த வரிசையில் வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயதுவரை வாய்மொழி இசைவு, அதற்கு மேல் 18 வரை எழுத்தில் இசைவு. படிவம் நல்ல தமிழில், அம்மா படித்தால் புரியும்படி இருக்கட்டும். தருமபுரி எல்லை ஊர்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் இருக்கிறார்கள், அதையும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வெறும் காகித வேலை என்று நினைப்பவர்களுக்கு: இடையிடையே தின்னும் ஒட்டும் இனிப்புதான் சொத்தையை மிகவும் கூட்டுகிறது என்பது நமக்கு எங்கிருந்து தெரியும்? சுவீடனில் லுண்ட் நகருக்கு அருகே விபேஹோல்ம் மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு 1940களின் பிற்பாதியில் டாஃபி கொடுத்துச் செய்த ஆய்விலிருந்து. ஒரு குழுவுக்கு ஒரு நாளைக்கு 24 டாஃபி. மறுக்கத் தெரியாதவர்களின் பற்களை அழித்துப் பெற்ற அறிவு அது. பிள்ளை வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினால், அத்தோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் முன்பே முடிவாக வேண்டும்: சீழ் கட்டிய பல்லைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? எந்த அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது, எந்த நாட்களில், பஸ் எப்போது என்பதைத் தெரிந்துகொண்டு, ரெஃபரல் சீட்டு அச்சடித்த பிறகே களத்துக்குப் போங்கள்.

கண்ணும் கையும் ஒத்துப்போக வேண்டும்

பரிசோதிப்பவர் இரண்டு பேர் என்றால், ஒருவர் சொத்தை என்பதை இன்னொருவர் கறை என்பார். இதைச் சரிசெய்யத்தான் அளவுத்திருத்தப் பயிற்சி. ஏறக்குறைய 20 பிள்ளைகளை இன்று பாருங்கள். நாளை முதல் படிவத்தைப் பார்க்காமல் அதே பிள்ளைகளை மறுபடி பாருங்கள். களத்திலும் 5 முதல் 10 சதவீதம் பேரைப் பரிசோதிப்பவருக்குத் தெரியாமல் இரண்டாம் முறை நாற்காலிக்கு வரவழைக்க வேண்டும்.

"எங்களுக்குள் 80 சதவீதம் ஒத்துப்போனது" என்று எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும். கொஞ்சம் கணக்குப் போடுவோம். 50 பிள்ளைகள். இருவரும் சொத்தை என்றது 18, இருவரும் இல்லை என்றது 22, மாறிச் சொன்னது ஆளுக்கு 5. ஒப்புதல் 40/50, அதாவது 0.80. ஆனால் இருவருமே 46 சதவீதம் பேருக்குச் சொத்தை என்கிறார்கள், ஆகவே கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் 0.46 × 0.46 + 0.54 × 0.54 = 0.50 அளவுக்கு ஒத்துப்போயிருக்கும். அந்தத் தற்செயலைக் கழித்த பிறகு மிஞ்சும் ஒப்புதலின் அளவுக்குக் கப்பா என்று பெயர், இங்கே அது 0.60தான். 0.80க்கு மேல் வரும்வரை உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பல்லில், எந்த இடத்தில் கருத்து மாறியது என்று கண்ணாடியை வைத்துக்கொண்டு பேசினால் இரண்டே அமர்வில் ஏறிவிடும்.

நாற்காலிப் பக்கத்தில்

வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் பிள்ளையின் முகம் இருக்கட்டும், நேர் வெயில் வேண்டாம். பதிவு செய்பவர் உங்கள் குரல் கேட்கும் தூரத்தில் உட்கார வேண்டும். கருவிகளை அன்று பார்க்கப்போகும் தலைகளை எண்ணித் தொற்றுநீக்கி எடுத்துப் போங்கள். பத்து செட்டை வைத்துக்கொண்டு நடுவில் கரைசலில் முக்கி முக்கி எடுப்பது கூடவே கூடாது.

எக்ஸ்ப்ளோரர் என்ற கூர்நுனிக் கம்பி வேண்டாம், நுனியில் 0.5 மில்லிமீட்டர் உருண்டை உள்ள சி.பி.ஐ. புரோப் எடுங்கள். குழியில் புரோப் மாட்டுகிறது என்பதற்காகச் சொத்தை என்று எழுதக் கூடாது. அடி மெத்தென்று இருக்கிறதா, எனாமல் உள்பக்கம் அரித்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் நல்ல பல் என்றே எழுத வேண்டும், விதி அதுதான்.

பல்லுக்கு இரண்டு இலக்க எண்: முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பது, இரண்டாவது நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. வலது மேல் 17இல் தொடங்கி இடது 27 வரை போய், கீழே 37இல் இறங்கி 47இல் முடியுங்கள். "பதினேழு, எட்டு. பதினாறு, ஒன்று. பதினைந்து, பூஜ்யம்." பதிவு செய்பவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். பூஜ்யம் நல்ல பல், ஒன்று சொத்தை, நான்கு சொத்தையால் எடுத்த பல், எட்டு இன்னும் முளைக்காத பல். பல் இல்லாத இடத்தில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். 36 இல்லையென்றால் பிள்ளையிடம் கேளுங்கள், "புடுங்கினாங்களா, முளைக்கவே இல்லையா?" என்று. 12 வயதில் 36 முளைக்காமல் இருப்பது அரிது. 37 இல்லாதது சாதாரணம். விழாமல் நிற்கும் பால்கடைவாய்ப் பல்லை நிலைப்பல் என்று எழுதிவிடுவது இன்னொரு தவறு.

புளோரோசிஸுக்கு, மேலே சொன்ன டீன் பாதிப்பின் அளவைப் படிப்படியாக மதிப்பிட உருவாக்கிய டீன் குறியீடு. வாயிலேயே அதிகம் பாதித்த இரண்டு பற்களைப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் இல்லையென்றால், அவற்றில் குறைவாக உள்ளதன் மதிப்பைப் போடுங்கள். வலமும் இடமும் ஒரே மாதிரி, பல்லுக்குக் குறுக்காகக் கோடு போட்டதுபோல் இருந்தால் புளோரோசிஸ் என்று எண்ணலாம். ஒரே பல்லில் மட்டும் வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் வேறு காரணம்.

அந்த நாற்காலியில் உட்காரும் சில பெண் பிள்ளைகள் பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம், "நான் தினமும் தேய்க்கிறேன் சார், செங்கல் தூள் போட்டுக்கூடத் தேய்ச்சேன்" என்றாள். யாரும் அவளை எதுவும் கேட்டிருக்கவில்லை. பல் தேய்க்காதவள் என்று எத்தனை பேர் சொல்லியிருந்தால் இப்படி முந்திக்கொண்டு பதில் வரும்! அந்தக் கறை எனாமலுக்குள் இருப்பது. செங்கல் தூளும் கரியும் பல்லைத்தான் தேய்க்கும், கறையை அல்ல. "இது உன் தப்பில்லைம்மா, தண்ணியாலே வந்தது" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். ஆய்வு விதிகள் எதுவும் இதைத் தடுக்கவில்லை.

கேள்வித்தாள்

டீச்சர் பக்கத்தில் நிற்க, "தினமும் இரண்டு வேளை பல் தேய்ப்பாயா?" என்று கேட்டால் வகுப்பே "ஆமாம் சார்" என்று கத்தும். அந்த எண்ணை அட்டவணையில் போட்டு என்ன பயன்? "நேற்று ராத்திரி சாப்பிட்டதிலிருந்து இப்போது வரை என்னென்ன செய்தாய், வரிசையாகச் சொல்லு" என்று தனியாகக் கேளுங்கள். பல் தேய்த்தது தானாக வந்தால் வரட்டும். "நொறுக்குத் தீனி சாப்பிடுவாயா?" என்பதற்குப் பதிலாகத் தேன் மிட்டாய், கடலை மிட்டாய், ஐஸ், டீயோடு பிஸ்கட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தண்ணீருக்குப் பிள்ளையின் பதில் போதாது. சிறுவயதில் எந்த ஊரில் இருந்தார்கள், குழாயா போர்வெல்லா என்பதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். பத்துப் பேரிடம் முதலில் சோதித்துப் பார்க்காத கேள்வித்தாளை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், இடைவேளையில் அம்மாக்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினால், எந்த அட்டவணையிலும் வராத செய்திகள் கிடைக்கும். இதையும் ஆய்வு முறை என்றே எண்ணுங்கள், பொழுதுபோக்குப் பேச்சு அல்ல. அனுமதி கேட்டுப் பதிவு செய்து, சொல் மாறாமல் எழுதி, ஒரே கருத்து எங்கெல்லாம் வருகிறது என்று குறியிட்டுப் படியுங்கள்.

எண்களைப் படிப்பது

ஒருவரின் வாயில் சொத்தையான, சொத்தையால் இழந்த, அடைத்த பற்களை எண்ணிக் கூட்டும் டி.எம்.எஃப்.டி. அளவை 1938இல் கிளைன், பால்மர், நட்சன் மூவரும் தந்தார்கள். இன்றும் அதுதான் நம் பொது மொழி. ஆனால் சராசரியை நம்பிவிடாதீர்கள். ஒன்பது பிள்ளைகளுக்கு 0, 0, 0, 0, 0, 1, 2, 4, 5 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1.33, பரவாயில்லை என்று தோன்றும். மிக மோசமான மூன்றில் ஒரு பங்கை, அதாவது 2, 4, 5ஐ மட்டும் எடுத்தால் சராசரி 3.67. பிராட்டால் 2000இல் முன்வைத்த இந்தக் கணக்கை எப்போதும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்பதில் ஐந்து பேருக்குச் சொத்தையே இல்லை என்பதும் முக்கியம்: இத்தனை பூஜ்யங்கள் உள்ள தரவை மணி வடிவ வளைவு என்று எண்ணி நேராக டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போடக் கூடாது. புள்ளியியலாளரை ஆய்வு முடிந்த பிறகு தேடாமல், மாதிரி எண்ணிக்கை போடும் நாளிலேயே போய்ப் பாருங்கள்.

கோட்பாடு எங்கே உதவும்?

நலமேம்பாட்டுக் கோட்பாடுகளைத் தேர்வுக்காகப் படித்து மறந்துவிடுகிறோம். எனக்கு அவை ஒரு கேள்விக்குப் பதில் தேடும் கருவிகள்: தெரிந்தும் ஏன் செய்யவில்லை? சிக்கல் எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்தைக் காட்டும் கோட்பாட்டை எடுத்தால் போதும்.

நல நம்பிக்கை மாதிரியில் தொடங்குங்கள். 1950களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவச எக்ஸ்ரே எடுக்க வண்டியை வீட்டருகே கொண்டுபோய் நிறுத்தியும் மக்கள் வரவில்லை. ஏன் என்று யோசித்த ஹோக்பாம், ரோசன்ஸ்டாக் போன்ற பொதுச் சுகாதாரத்துறை உளவியலாளர்களிடம் பிறந்தது அது. அவர்களில் கெகலஸ் என்பவர், மக்கள் பல் மருத்துவரிடம் ஏன் போகிறார்கள், ஏன் போவதில்லை என்பதையே ஆராய்ந்தார். எனக்கு வருமா, வந்தால் பெரிய பிரச்சினையா, செய்தால் பலன் உண்டா, செய்ய என்ன தடை என்ற நான்கு கேள்விகள்தான் அதன் மையம்.

நம்மூரில் வைத்துப் பார்ப்போம். ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எதுவும் விழாமல் முளைப்பதால், அதையும் பால்பல் என்றே நிறைய அம்மாக்கள் நினைக்கிறார்கள். சொத்தை வந்தாலும், "விழுந்து முளைக்கும், விடுங்க" என்கிறார்கள். வருமா என்ற கேள்வியில் அவர்களுக்குத் தடுமாற்றமே இல்லை, சொத்தை வருமென்று தெரியும். பெரிய பிரச்சினையா என்பதில்தான் தவறு. அப்படியானால் "சொத்தை எப்படி வருகிறது" என்று கிருமிப் படம் காட்டி நாற்பது நிமிடம் பேசுவது வீண். "இந்தப் பல் விழாது, ஆயுசுக்கும் இதுதான்" என்று பிள்ளையின் வாயில் அந்தப் பல்லையே தொட்டுக் காட்டினால் ஒரு நிமிடம் போதும். கேள்வித்தாளிலும் "ஆறு வயதில் வரும் கடைவாய்ப் பல் விழுந்து முளைக்குமா?" என்ற ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். ஆய்வும் மேம்பாடும் சேரும் இடம் இதுதான்.

வேறொரு வீட்டில் அம்மாவுக்கு எல்லாம் தெரியும், ஆனால் ராத்திரி தூங்கி விழும் பிள்ளையை எழுப்பிப் பல் தேய்க்க வைக்க முடியும் என்ற நம்பிக்கை இல்லை. அங்கே உளவியலாளர் பண்டுரா சொன்ன தன்திறன் நம்பிக்கை, அதாவது 'என்னால் முடியும்' என்ற எண்ணம், பொருந்தும்: அவளைப்போல் வேலைக்குப் போகும் இன்னொரு அம்மா எப்படிச் செய்கிறாள் என்பதைக் கேட்க வையுங்கள். புகையிலைப் பழக்கம் உள்ள அப்பாவுக்கு, உளவியலாளர்கள் புரோசாஸ்காவும் டிக்ளமென்டேவும் சொன்ன மாற்றப் படிநிலைகள்: யோசிக்காத நிலை, யோசிக்கும் நிலை, செயல் என்று மாற்றம் படிப்படியாகவே வரும் என்பது. அவர் இன்னும் யோசிக்கவே தொடங்கவில்லை என்றால், விடும் தேதி குறிக்கச் சொல்லி வற்புறுத்துவதில் பயனில்லை.

இவை எல்லாமே தனி ஆளைப் பார்க்கும் கோட்பாடுகள். இங்கே நிறுத்திவிடுவதுதான் நம் துறையில் நான் பார்க்கும் பெரிய குறை. கே, லாக்கர் என்ற ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட முறையான மீள்பார்வை, பல் நலக் கல்வி அறிவைக் கூட்டுகிறது, பற்காரையை (பல்லில் படியும் கிருமிப் படலம்) சிறிது காலம் குறைக்கிறது, சொத்தையில் வித்தியாசம் தெரியவில்லை என்று காட்டியது. பேசிவிட்டு வந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நலமேம்பாட்டுக்கென 1986 நவம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் வந்த ஒட்டாவா சாசனம் ஐந்து வழிகளைச் சொல்கிறது. ஆரோக்கியமான பொதுக் கொள்கை, ஆதரவான சூழல், சமூகத்தின் செயல்பாடு, தனியாள் திறன், மருத்துவச் சேவையைத் தடுப்பு நோக்கித் திருப்புவது. நாம் செய்யும் வகுப்பறைப் பேச்சு இதில் நான்காவது மட்டும். தருமபுரியில் புளோரைடைப் பற்றி ஒவ்வொரு அம்மாவுக்கும் பாடம் எடுத்து, படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து வீட்டிலேயே நீரைத் தெளிய வைக்கும் நல்கொண்டா முறையைத் தினமும் செய்யச் சொல்லலாம். அல்லது குழாயில் வரும் தண்ணீரையே மாற்றலாம். இரண்டாவதில் யாரும் எதையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆபத்தில் உள்ள சிலரைத் தேடிப்பிடிப்பதா, மொத்த மக்களின் நிலையையே நகர்த்துவதா என்று நோய்ப்பரவலியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுப்பிய கேள்வி இதுதான்.

சொத்தைக்கும் அப்படியே. இனிப்பு பல்லை மட்டும் கெடுப்பதில்லை, உடல்பருமனும் சர்க்கரை நோயும் அதோடு வருகின்றன. பொதுவான ஆபத்துக் காரணிகளைச் சேர்ந்தே எதிர்கொள்ள வேண்டும் என்று பல் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் ஷீஹமும் வாட்டும் 2000இல் எழுதினார்கள். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 ஒழுங்குமுறை சொல்கிறது. அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது வாசலில் என்ன விற்கிறது என்று எண்ணி, அதையும் படிவத்தில் ஒரு வரியாகச் சேருங்கள். அதுவும் வாய் நலத் தரவுதான்.

மாற்றம் வந்ததா என்று பார்ப்பது

தலையீடு செய்தால் ஒப்பீட்டுக் குழு வேண்டும். ஒரே வகுப்பில் பாதிப் பேருக்குச் சொல்லிக் கொடுத்துப் பாதிப் பேரை விட்டால், மதிய உணவு நேரத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். பள்ளி பள்ளியாகப் பிரியுங்கள். ஒப்பீட்டுப் பள்ளிக்கும் ஆய்வு முடிந்தவுடன் அதே உதவியைச் செய்வதாக முன்பே எழுதிக் கொடுங்கள். சொத்தை குறைவதைக் காட்ட இரண்டு வருடமாவது ஆகும், பற்காரை ஒரு மாதத்தில் மாறும். ஆறே மாதம் கையில் இருந்தால் பற்காரையை அளந்து, அதைப் பற்காரை என்று மட்டும் எழுதுங்கள்.

முடிவுகளை ஒரு பக்கத்தில், தமிழில், சதவீதங்களை "பத்தில் நான்கு பேர்" என்று மாற்றி எழுதித் தலைமையாசிரியரிடமும் ஊராட்சியிலும் கொடுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் அதில் வரக் கூடாது. ரெஃபரல் சீட்டு கொடுத்த பட்டியலை மட்டும் தனியாகப் பூட்டி வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்குப் போன் செய்யுங்கள். எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், போகாதவர்கள் ஏன் போகவில்லை? "அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போயிடும் சார்" என்று பதில் வந்தால் அதையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சனிக்கிழமை அந்தப் பல் பிரிவு திறந்திருக்கும் என்று அன்றைக்கே விசாரியுங்கள்.